தரை தட்டாமல்

நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
இசஃப்யோர்துருக்குத் திரும்ப ஜனவரி கழிய வேண்டும்.
அதற்குள் பதினோரு வீடுகளில் நான்
உணரிகள் பொருத்தியாக வேண்டும்.
நகராட்சி ஒப்பந்தம்.
ஃபிரிட்ஜ் கதவுக்கு ஒன்று, கட்டிலுக்கடியில் ஒன்று,
குளியலறை நிலைக்கு ஒன்று.

ஸ்டெய்ன்தோர் கதவைத் திறந்ததும் கேட்டார்:
"இது யாரிடம் கோள் சொல்லும்?"
கோபன்ஹேகனில் இருக்கும் உங்கள் மகளிடம், என்றேன்.
"ராத்திரி மூன்று மணிக்கு நான் ஊறுகாய் மீன் தின்பதையுமா?"
அதையும்.
"போடு. அவளும் கொஞ்சம் விழித்துக் கிடக்கட்டும்."

எழுபத்தொன்பது வயது. முப்பத்தொரு வருடம் இழுவைப்படகு.
போன செப்டம்பரில் சமையலறையில் விழுந்து
இடுப்பில் இப்போது டைட்டானியம்.
"கடலில் ஒருநாளும் விழுந்தவனில்லை.
இந்த வீட்டுத் தரை ஆடுவதேயில்லை, அதுதான் கோளாறு.
கால் அலைக்குக் காத்திருக்கிறது.
அலை வராது.
தரை தட்டிவிட்டேன்."

பெட்டியில் கடைசியாக இருந்தது
சமநிலைப் பலகை. தொலைக்காட்சியோடு இணைத்தேன்.
திரையில் சிவப்புத் தொப்பியோடு ஒரு பனிச்சறுக்குக்காரன்;
இவர் சாய்ந்தால் அவன் சாய்வான்,
இவர் திகைத்தால் அவன் மரத்தில் மோதுவான்.
ஏழு மரம் மோதினார்.
'உங்கள் எடை இடப்பக்கம் மிகுதி' என்றது பலகை.
"வலை வலப்பக்கம் ஏறும். நான் இடப்பக்கம்தானே சாய்வேன்?"
என்று அதனிடமே கேட்டார்,
நான் திருப்புளியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

எட்டாவது ஓட்டத்தில்
முழங்கால் இளகியது. கைத்தடி சோபாவில் கிடந்தது.
ஊருக்கே தெரியாத ஏதோ ஒரு அலை
அந்த அறைக்குள் வந்து அவரைத் தூக்கி இறக்கிப் போனது.

பட்டியலில் முதலிடம் எதிர்க்கரை ஹெர்திஸ்.
மீன் ஆலையில் கூலிக்கணக்கு எழுதியவர்.
"எழுபத்துநாலில் என் இரண்டு நாள் கூலியைப் பிடித்தவள்"
என்றார் ஸ்டெய்ன்தோர்.
அன்றிலிருந்து காலை ஒன்பதுக்கு அவள் ஓட்டம்,
ஒன்பதேகாலுக்கு இவர் ஓட்டம்.
பேச்சு கிடையாது. எண்கள் மட்டும்.

ஒரு செவ்வாய், பத்து நாற்பதுக்கு எனக்கு அழைப்பு.
"அவள் விளையாடவில்லை."
தூங்கியிருப்பார், என்றேன்.
"நேற்று நான் அவளை நாலு புள்ளியில் முந்தினேன்.
தூங்குவாளா அவள்?"
என் கைப்பேசியில் அந்த வீடு பச்சை.
கட்டில் பச்சை, ஃபிரிட்ஜ் பச்சை.
ஆனாலும் வண்டியை எடுத்தேன்.

கூடத்தில் கிடந்தார், மணிக்கட்டு முறிந்து,
உதடு நீலம் பாய்ந்து.
வாஃபிள் சுட, முந்தின மாலை
என் கருவியின் இணைப்பைப் பிடுங்கி
வாஃபிள் இரும்பைச் சொருகியிருக்கிறார்.
அணைந்ததும் கருவி ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது,
யாரும் திறக்காத ஓர் அலுவலக முகவரிக்கு.
பச்சை என்பது நேற்றைய பச்சை.

போர்வையைச் சுற்றும்போது கேட்டார்:
"நான் இப்போது எத்தனையாவது?"
இரண்டாவது, என்றேன்.
உயிர் இருக்கிறது என்று அந்த முகச்சுளிப்பில் தெரிந்தது.

அறிக்கையில் ஒரு கட்டம்:
'எச்சரித்த கருவியின் வரிசை எண்.'
வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன்.
பிறகு எழுதினேன்: 1974.
மேலதிகாரி திருப்பி அனுப்பினார். திருத்தவில்லை.

சூரியன் வந்த அன்று ஊரெல்லாம் பான்கேக், காப்பி.
மாவுக்கட்டோடு ஹெர்திஸ்
முதன்முதலாக இந்தக் கரைக்கு வந்து
அவருடைய பலகையிலேயே ஏறினார்.
கை வேண்டாமே இதற்கு, கால் போதும்.
ஒரு வாட்டி விட்டுக்கொடுக்கக்கூடாதா, என்று
ஸ்டெய்ன்தோரின் காதில் சொன்னேன்.

"கூலி வரட்டும், பார்க்கலாம்" என்றவர்
சாய்ந்தார், வலப்பக்கம்,
முப்பத்தொரு வருடத்தில் இல்லாத பக்கம்.